உலகை வரவேற்ற இல்லம்

வந்தவர்க்கு உணவளிப்பது மட்டுமா விருந்தோம்பல்? அவரிடமுள்ள சிறப்பை அறிந்து போற்றுவதும் விருந்தோம்பலே! இதனைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சீடர்வில் என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இவர் பிறந்தார். இரண்டு வயதிலேயே அன்னையை இழந்தார். பின்னர் மருத்துவம் பயிலச் சென்றார்; உடல்நலக் குறைவு அக்கனவைக் கலைத்தது. ஆயினும் மனந்தளரவில்லை. 1888இல் இலண்டன் சென்றபோது, படித்த இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டு புரிவதைக் கண்டார். தம் வழி இதுவே எனத் தெளிந்தார்.

1889இல் தோழி எல்லன் ஸ்டாருடன் சேர்ந்து, சிக்காகோ நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் 'ஹல் இல்லம்' என்னும் தொண்டு இல்லத்தைத் தொடங்கினார். பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர், ஜெர்மானியர், கிரேக்கர், ரஷ்ய யூதர் ஆகியோர் சுற்றிலும் வாழ்ந்தனர். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகமும், உழைப்பாளர்க்கு மாலை வகுப்புகளும் அங்கு நடைபெற்றன.

ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் சிலர், அம்மொழி அறியாத தம் தாய்மாரை எண்ணி நாணினர். அம்மையாரின் உள்ளம் நொந்தது. 1900இல் உழைப்புக் காட்சியகம் ஒன்றை அமைத்தார். அங்கு முதிய தாய்மார் தம் நாட்டு முறைப்படி நூல் நூற்றும் நெய்தும் காட்டினர். அன்னையின் கைத்திறனைக் கண்ட பிள்ளைகளின் நாணம் பெருமையாக மாறியது!

முதல் உலகப்போர் மூண்டது. 1915இல் திஹேக் நகரில் கூடிய பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்குச் சென்று அமைதி வேண்டினார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கிய பின்னரும் கொள்கையில் வழுவவில்லை. முன்னர்ப் போற்றிய பத்திரிகைகளே அவரைத் தூற்றின. நண்பர் பலர் விலகினர். அவரோ போர் முடிந்ததும், 1919இல், பகை நாடெனப்பட்ட ஜெர்மனிக்கே சென்று, பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவு கிடைக்க உழைத்தார்.

தூற்றிய உலகம் பின்னர் உண்மையை உணர்ந்தது. 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இருவருள் ஒருவரானார். தம் பங்குப் பணத்தைப் பெண்களின் அமைதிச் சங்கத்திற்கே வழங்கினார். 1935 மே 21இல் மறைந்தார். ஹல் இல்லத்து முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கண்ணீருடன் வந்து அஞ்சலி செலுத்தினர்.

அன்புத் தோழியரே! வேற்று மொழி பேசும் மாணவி நம் வகுப்பிற்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அவளுக்குக் கற்பிப்பதோடு, அவளிடமிருந்தும் கற்போம். பிறர் அவளை எள்ளும்போது அவளருகே நிற்போம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.