ஆம்பூர் ஷூவுக்குள்ளே மூன்று இழை: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளுக்கு வரும் பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். சுடுதண்ணியில் போட்டால், 60 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் சுருங்கிவிடும். அதே தோலை குரோமில் நன்றாகப் பதனிட்டால் கொதிநீரையே தாங்கும். ஏன்?

தோலுக்கு வலு தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் இழைகளில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலப் பகுதிகள் உண்டு. குரோமியம் அவற்றைப் பிடித்து இழைகளைக் கட்டிப்போடுகிறது. சரி, அது மூன்று இழைகளாலான சுருள் என்று முதலில் சொன்னது யார்? சென்னையில் வேலை பார்த்த ஓர் இயற்பியலாளர்.

ராமன் கைகாட்டிய மாணவர்

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ராமச்சந்திரன். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். சி.வி.ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியவர், 1952-ல், 30 வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். ராமனின் பரிந்துரை அது.

கங்காரு வால் தந்த விடை

கொலாஜனின் வடிவம் இன்னும் தெரியவில்லை என்று சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி.பெர்னல் சொன்னதுதான் தொடக்கம். எக்ஸ்-கதிர் ஆய்வுக்குச் சுத்தமான மாதிரி வேண்டுமே? பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காருவின் வால் தசைநாரைக் கொடுத்தது. 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் மூன்றிழை வடிவத்தை வெளியிட்டார். மூன்றும் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று அடுத்த ஆண்டே திருத்தினார்.

அடியும் பதிலடியும்

1955-லேயே எதிர்ப்பு வந்தது. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். மூன்றிழை என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற நுணுக்கங்களில் அவர்கள் சொன்னதே ஏற்கப்பட்டது.

ராமச்சந்திரன் வாதாடிக்கொண்டே இருக்கவில்லை. வேறொரு கேள்வி கேட்டார்: அணுக்கள் நிஜமாகவே எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை தெரிந்த படிகங்களிலிருந்து தூரங்களைத் திரட்டினார். வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்குப் போட்டார். 1963-ல் வெளியான அதுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தால், அது சரிதானா என்று இன்றும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய கணித முறை, சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கக் கைகொடுத்தது. நோபல் மட்டும் வரவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் மறைந்தார்.

இன்று இந்தப் பாதையில் போக

கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிர் இயற்பியல் துறை. பெங்களூருவில் அவரே தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு. இரண்டும் அவர் வேலை பார்த்த இடங்களின் தொடர்ச்சிதான். காட்பாடியில் ரயில் ஏறினால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.