உலோகமாரி பொழிவித்த மாக்ஸ் ஷோப்

இரும்பிற்குத் துருவைப் போன்ற பகை வேறில்லை. பாலமாயினும் கப்பலாயினும் நீர்த்தொட்டியாயினும், ஈரமும் காற்றும் கூடி அதனை நாள்தோறும் அரித்துவிடுகின்றன. வர்ணம் பூசுதல் சில வருஷங்களுக்கே உதவும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தல் சாலச் சிறந்ததே. ஆயினும், கட்டி நிறுத்திய பாலம் ஒன்றைத் தோய்த்தற்குரிய தொட்டி எங்கே உளது? நின்ற இடத்திலேயே இரும்பின்மேல் உலோகப் போர்வை போர்த்தும் வழியை உலகிற்கு அளித்தவர் மாக்ஸ் உல்ரிக் ஷோப் என்பவர். பொறியியலார் நன்கறிந்த அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஷோப் 1870-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் துர்காவ் மாகாணத் தலைநகராகிய பிரவுயன்பெல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். மின்ரசாயனத்தில் ஈடுபட்டு, மின்சாரத்தைச் சேமிக்கும் ஈயக் கலங்களை ஆராய்வதில் அநேக வருஷங்களைக் கழித்தார். அலுமினியத்தைப் பற்றவைக்கும் வழியிலும் அவர் முயன்றதுண்டு. ஆகவே ஈயத்தின் இயல்பையும் தீச்சுடரின் இயல்பையும் அவர் கை நன்கு பழகியிருந்தது.

ஒருநாள், சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியால் தோட்டத்துச் சுவரைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருக்க, ஈயக் குண்டுகள் சுவரில் மோதித் தட்டையாகி அங்கேயே ஒட்டிக்கொண்டதை ஷோப் கண்டார் என்று சொல்லப்படுகிறது. நியூட்டனின் ஆப்பிள் போன்ற இத்தகைய கதைகளை யாம் முற்றும் நம்புவதில்லை. எனினும் ஈயத்தோடு நெடுநாள் பழகியவர் கண்ணுக்கு அக்காட்சி வீண்போகாது என்பது மெய்யே. வேகமாய்ச் சென்று மோதும் உலோகம் பசையின்றியே பற்றிக்கொள்ளுமாயின், கணக்கற்ற நுண்துளிகளை அவ்வாறே எய்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பூச்சாகுமன்றோ?

1909-ஆம் வருஷமளவில் இக்கருத்தைச் செயலிற் காட்ட முற்பட்டார். முதலில், உருகிய உலோகத்தை அழுத்தமிக்க சூடான வாயுவினால் சிதறடித்துப் பார்த்தார். வேலை நடந்தது, ஆனால் சாதனம் பெரும்பாரமாய் ஓரிடத்தில் நிலைத்துவிட்டது. தோய்க்கும் தொட்டியைப் போலவே இதனையும் பாலத்தண்டை கொண்டுபோகவியலாது. அடுத்து உலோகத் தூளைக் கையாண்டார். 1912-இல் நேர்வழி கிட்டியது. உலோகக் கம்பி ஒன்று கைத்துப்பாக்கி போன்ற கருவியினுள் சீராய்ச் செல்லும். அதன் நுனி பிராணவாயுவும் அசிட்டிலீனும் எரியும் சுடரில் உருகும். அழுத்திய காற்று அவ்வுருகலைத் துளிகளாக்கி எதிரே வீசும். ஒருவர் கையிலேந்திச் செல்லத்தக்க கருவி அது! துளிகள் சிறியனவாதலால் பட்டவுடனே குளிர்ந்துவிடும். அதனாற் காகிதம், துணி, மரம் ஆகியவற்றின் மீதும் அவர் உலோகம் பூசிக் காட்டினார். பின்னாளில் சுடருக்குப் பதிலாக மின்வில்லையும் பயன்படுத்தினார்.

இனி, இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. ஒவ்வொரு துளியும் மீன்செதில்போல் தட்டையாகி மற்றொன்றின்மேற் படிகின்றது. செதில்களினிடையே காற்றும், பறக்கும்போது உண்டாகிய ஆக்ஸைடும் அகப்பட்டுக்கொள்ள, பூச்சில் நுண்துளைகள் நிற்கும். மணலை வீசிச் சொரசொரப்பாக்காத பரப்பில் அது நன்கு பற்றாது. துத்தநாகமாயின் துளையால் பெருங்கேடில்லை. அது தான் முன்னர் அரிபட்டு இரும்பைக் காக்கும். தேய்மானம் தாங்கவேண்டிய கடின உலோகங்களுக்கோ துளையே கூற்றுவன். துளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டராய் நின்றதே இதற்கு முதற்காரணம். வேகம் இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். கைக்கடக்கமான கருவியைத் தேடிய ஷோப், குண்டின் வேகத்தை ஓரளவு விட்டுக்கொடுத்தார் என்றே யாம் கருதுகின்றோம். அதனைக் குற்றமென்னோம். எளிய கருவி இல்லாதிருப்பின் இக்கலை பட்டறைகளுக்குள் வந்தே இராது.

அவர் 1956-இல் ஸூரிச் நகரிற் காலமானார். வேகத்தை மீட்கும் வேலை பிறர்பால் வந்தது. 1980-ஐ அடுத்த வருஷங்களில் அமெரிக்கராகிய ஜேம்ஸ் பிரவுனிங், எரிபொருளையும் பிராணவாயுவையும் அறையொன்றில் அழுத்தத்துடன் எரித்து, அந்த வாயுவை ஒடுங்கிய குழல்வழியே ஒலியினும் விரைவாய்ப் பாயச் செய்தார். அதிலிட்ட டங்ஸ்டன் கார்பைடு தூள் வினாடிக்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதுகின்றது. சுடரில் தங்கும் நேரம் குறைவாதலால் கார்பைடு மிகையாய் வெந்து கெடுவதுமில்லை, துளைகளும் அருகிவிடுகின்றன. ஆகாய விமானத்தின் இறங்குகாற் பகுதிகளில் குரோமிய முலாமுக்கு மாற்றாக இப்பூச்சு வழங்குகின்றது. அக்காலத்திலேயே ருஷியாவின் நோவோஸிபிர்ஸ்க் நகரத்தார், உலோகத் தூளை உருக்காமலே மிகுவேகத்தால் மட்டும் ஒட்டவைக்கலாமெனக் கண்டனர். தோட்டத்துச் சுவரில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய அதுவே.

ஷோப்பின் பெயரோ வேறோரிடத்தில் நிலைத்துவிட்டது. மின்கருவிகளில் அமையும் மெல்லேட்டு மின்தேக்கிகளின் இருபுறத்தும், கம்பி பற்றவைத்தற்பொருட்டுத் துத்தநாகம் முதலியன வீசிப் பூசப்படுகின்றன. ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் அவ்வேலையை இன்றும் ஷோப்பாஜ் என்றே வழங்குகின்றனர்.