தொடக்கம் தெரியாமல் வென்றவர்: மீர் சுல்தான் கான்

சதுரங்கம் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விஸ்வநாதன் ஆனந்த். அவர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கப்பலேறிச் சென்று ஐரோப்பாவை வியக்க வைத்த ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் மீர் சுல்தான் கான்.

இன்றைய பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில், மிட்டா திவானா எனும் ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் அவர். தந்தையிடம் அவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் செல்லும். கோட்டை கட்டும் முறை கிடையாது. மாறாக, அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். ஆட்டம் மெல்லத்தான் சூடுபிடிக்கும். இருபது வயதைக் கடந்த பிறகே, நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். 1928இல் அகில இந்திய வெற்றியாளர் ஆனார். 1929இல் சர் உமருடன் இலண்டன் சென்று, அதே ஆண்டு பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தையும் வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது.

அவருடைய பெருங்குறை தொடக்க ஆட்டம். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை ஐரோப்பியர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து ஏடுகளில் பதித்து வைத்திருந்தனர். அந்தச் சேமிப்பு சுல்தான் கானிடம் இல்லை. பலமுறை பின்தங்கிய நிலையில்தான் நடு ஆட்டத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்து பொறுமையாகப் போராடி மீண்டார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வெற்றியாளர் காப்பாபிளாங்காவை அவர் எதிர்கொண்டார். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான், ஐந்தாம் நகர்வில் இடக்கோடி ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்ப்பதற்கு வீணான நகர்வு போலத் தோன்றும். ஆனால், எதிரியின் மந்திரி முன்னேறி வந்து தம் குதிரையைக் கட்டிப்போடாமல் அது தடுத்தது. பிற்காலத்தில் உலக வெற்றியாளர் பெட்ரோசியனின் பெயரைப் பெற்ற திட்டம் இதுவே. காப்பாபிளாங்கா தம் இரு கோட்டைகளைக் கொடுத்து ராணியை வாங்கினார். கோட்டைகளைக் கொண்டு சிறுகச் சிறுக நெருக்கிய சுல்தான் கான் 65ஆம் நகர்வில் வென்றார். ஒரு கட்டம் மட்டுமே நகரும் சிப்பாய்களோடு வளர்ந்தவருக்கு, அவசரமில்லாத அந்த நகர்வு இயல்பாகவே வந்திருக்கும் என எனக்குத் தோன்றுகிறது.

இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் மாணவர்களின் நினைவே வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். பின்னக் கணக்கும் ஒளிச்சேர்க்கையும் எனக்குத் தெரியும். அவற்றுக்குரிய மலாய்ச் சொற்கள்தாம் தெரியா. உடன் பயின்றவர்களுக்குப் பழகிப்போன முதல் பத்து நகர்வுகள் எங்களுக்குப் புதியவை. அந்தச் சில மாதங்களை வைத்தே எங்களுள் சிலரைத் திறமை குறைந்தவர்கள் என எடைபோட்டவர்களும் உண்டு. தொடக்கத்தில் பின்தங்குவது வேறு, ஆடத் தெரியாதது வேறு. இந்த வேறுபாட்டுக்குச் சுல்தான் கானின் ஆட்டங்களே சான்று.

1933 இறுதியில் சர் உமருடன் அவர் தாயகம் திரும்பினார். அதோடு அவருடைய அனைத்துலக ஆட்டம் முடிந்தது. நாலைந்து ஆண்டுகளே நீடித்த ஆட்ட வாழ்வு அது! 1950இல் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோதும் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1966இல் அவர் காலமானார். 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது.

அவர் காலமாகி 58 ஆண்டுகள் கழித்தே அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது. ஆனால், ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தின் 65 நகர்வுகளும் அன்றே பதிவாகிவிட்டன. சதுரங்கப் பலகை ஒன்று கைவசம் இருந்தால், நண்பர்களே, ஒருமுறை அவற்றை நகர்த்திப் பாருங்கள். ஐந்தாம் நகர்வில் சற்று நில்லுங்கள்.