பதவி போனதும் பஸ்சுக்கு நின்ற அமைச்சர்!

தம்பி, தங்கைகளே... கயத்தாறு என்றதும், உங்கள் நினைவுக்கு வருபவர் யார்? வீரபாண்டிய கட்டபொம்மன் தானே! 1799ம் ஆண்டு, அக்டோபர் 16ம் தேதி, ஆங்கிலேயர்கள் அவரைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே நிற்கும் அவரது சிலையைப் பார்த்தாலே, நமக்கும் நெஞ்சு நிமிரும்.

அதே கயத்தாறில் பஸ் ஏறி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று வடக்கே போனால், மதுரை வரும். மதுரையைத் தாண்டினால் மேலூர். மேலூர் பக்கத்தில் தும்பைப்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றித் தான், இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

அவர் கையில் வாள் இருந்ததில்லை. ஆனால், அவரிடமும் ஒரு வீரம் இருந்தது. எம்.பி.,யாகவும், பத்து ஆண்டுகள் அமைச்சராகவும் இருந்து விட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போன வீரம் அது. அவர் பெயர் கக்கன்.

அடைத்திருந்த கதவு

கக்கன், 1908ம் ஆண்டு ஜூன் 18ம் தேதி பிறந்தார். அவருடைய அப்பா, கிராமத்துக் கோவிலில் பூசாரி. வேடிக்கையைப் பாருங்கள்... சாமிக்குப் பூஜை செய்பவரின் பிள்ளை தான் என்றாலும், மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் அவர் காலடி வைக்க முடியாது. காரணம், அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெரிய கோவில்களின் வாசல், அந்த மக்களுக்கு அடைத்தே கிடந்தது. கோவில் மட்டுமா? பொதுக் கிணறு, குளம் என, பல இடங்களிலும் அவர்களுக்குத் தடை தான்.

பள்ளியில் படிக்கும் போதே, கக்கனுக்குக் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபாடு வந்து விட்டது. மதுரையில் வைத்தியநாத அய்யர் என்ற வழக்கறிஞர் இருந்தார். சுதந்திரப் போராட்ட வீரர். எல்லாரும் கோவிலுக்குள் போக வேண்டும் என்று பாடுபட்டவர். 1939ம் ஆண்டு ஜூலை 8ம் தேதி, அவர் சிலரை அழைத்துக் கொண்டு, மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். அப்படி நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். அதே ஆண்டில், கோவில் நுழைவுக்கு வழி செய்யும் சட்டமும் வந்தது.

அய்யர், கக்கனைத் தன் பிள்ளை போலவே நடத்தினார். 1955ல் அய்யர் இறந்த போது, அவருடைய மகன்களோடு சேர்ந்து, கக்கனும் தலையை மொட்டை அடித்துக் கொண்டார். பெற்ற அப்பாவுக்குச் செய்கிற கடமை அது. ஜாதியைச் சொல்லி ஒருவரை ஒருவர் தொடாமல் இருந்த காலத்தில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்!

டில்லியில் கக்கன்

1942ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. அதில் கலந்து கொண்ட கக்கன், சிறைக்குப் போனார். 1946ல், நம் நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத ஒரு சபை அமைக்கப்பட்டது. அதற்கு, அரசியல் நிர்ணய சபை என்று பெயர். அந்தச் சபையின் உறுப்பினர்களில் கக்கனும் ஒருவர்.

அந்தச் சபை எழுதிய சட்டத்தின், 17வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தீண்டாமை ஒழிக்கப்பட்டு விட்டது. அதை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. கோவில் வாசலில் தடுக்கப்பட்ட ஒரு குலத்தின் பிள்ளை, அந்தத் தடையை நாடு முழுதும் நீக்கிய சபையில் உட்கார்ந்திருந்தார்!

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், மதுரைத் தொகுதியில் வென்று, லோக்சபா எம்.பி., ஆனார். 1952 முதல் 1957 வரை அங்கே இருந்தார். இதற்கிடையே 1954ல், காமராஜர் முதல்வர் ஆனதால், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர், கக்கன் தான்.

பத்து ஆண்டு அமைச்சர்

1957ல் கக்கன் எம்.எல்.ஏ., ஆனார். காமராஜர் அமைச்சரவையில், பொதுப்பணித் துறை அவரிடம் தரப்பட்டது. அணை, வாய்க்கால், அரசுக் கட்டடம் எல்லாம் பார்த்துக் கொள்ளும் துறை அது. அவர் அந்தப் பொறுப்பில் இருந்த போது தான், 1959ல் வைகை அணை திறக்கப்பட்டது. கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வானம் பார்த்துப் பருத்தியும், கம்பும் விதைக்கிற கரிசல் காட்டில், ஒரு மழை தவறினாலே வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலை வந்து விடும். ஓர் அணை என்றால், எத்தனை குடும்பங்களின் சோறு என்று, அவர்களுக்குத் தெரியும்.

பிறகு, 1962ல் விவசாயத் துறை. 1963ல் போலீஸ் துறையைக் கவனிக்கும் உள்துறை. இவ்வளவு பெரிய துறைகளில் இருந்தால், சொந்தக்காரர்களுக்கு ஏதாவது செய்து தரலாமே என்று, யாருக்கும் தோன்றும் அல்லவா?

அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. அவருடைய தம்பி, போலீஸ் வேலைக்குத் தேர்வானாராம். தம்பியின் கை விரலில் ஒரு குறை இருப்பது, அண்ணனுக்குத் தெரியும். போலீஸ் வேலைக்கு அது சரிப்படாது என்று அதிகாரியிடம் அவரே எடுத்துச் சொல்லி, வேலை கிடைக்காமல் செய்து விட்டாராம்! அண்ணன் அமைச்சராக இருந்ததால், தம்பிக்கு வேலை போன கதையை, வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அவருடைய அமைச்சர் வாழ்க்கையில் கசப்பான பக்கமும் உண்டு. 1965ல், தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அப்போது முதல்வராக இருந்தவர் பக்தவத்சலம். உள்துறை அமைச்சர், கக்கன். நல்ல மனிதர் என்பதற்காக, அந்தப் பொறுப்பில் இருந்து அவரை நீக்கி வைத்துப் பேச முடியாது. மக்கள் கோபத்தில் இருந்தனர்.

தேர்தல் தந்த தோல்வி

அந்தக் கோபம், 1967 தேர்தலில் தெரிந்தது. காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். மேலூரில் கக்கனும் தோற்றார்.

இனி தான், கதையின் முக்கியமான இடம். கார் போய் விட்டது. அரசு கொடுத்த பங்களா போய் விட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரரும் போய் விட்டார். மிச்சம் என்ன இருந்தது? சேர்த்து வைத்த பணம் இல்லை. குடியிருக்க, வாடகை வீடு. வெளியே போக, டவுன் பஸ். போலீஸ் துறையையே நிர்வகித்தவர், எல்லாரையும் போலப் பஸ்சுக்காகக் காத்து நின்றார்.

பென்ஷன் வராதா என்று நீங்கள் கேட்கலாம். எம்.பி.,யாக இருந்தவர்களுக்குப் பென்ஷன் தரும் சட்டம், 1976ல் தான் வந்தது. 1967ல், அப்படி ஒன்று கிடையாது. பதவியில் இருந்த போது சேர்த்துக் கொண்டால் தான் உண்டு என்ற நிலை. அந்த நிலையிலும் சேர்க்காமல் இருந்தார், பாருங்கள்... அது தான் சோதனை. அதில் அவர் தேறி விட்டார்.

பொது வார்டில் ஒரு நோயாளி

வயதான பின், கக்கனின் உடல்நிலை கெட்டது. மதுரை அரசு மருத்துவமனையில், சாதாரண மக்கள் படுத்திருக்கும் பொது வார்டில் சேர்க்கப்பட்டார். அங்கே, உடல்நலம் இல்லாமல் இருந்த மதுரை முத்து என்ற அரசியல் தலைவரைப் பார்க்க, முதல்வர் எம்.ஜி.ஆர்., வந்தார். கக்கனும் அதே மருத்துவமனையில் இருப்பது, அப்போது தான் அவருக்குத் தெரிந்தது. பொது வார்டுக்கே போய்ப் பார்த்தவர், மனம் கலங்கி விட்டார். கக்கனுக்கு நல்ல சிகிச்சைக்கும், மாதா மாதம் உதவித் தொகைக்கும் ஏற்பாடு செய்தார். இருவரும் வேறு வேறு கட்சி என்பதை மறந்து விடாதீர்கள்!

1981ம் ஆண்டு, டிசம்பர் 23ம் தேதி, கக்கன் காலமானார். 1999ல் மத்திய அரசு, அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

குட்டீஸ்... உங்கள் வகுப்பில் லீடர் ஆகிறீர்கள். விளையாட்டு அணிக்குக் கேப்டன் ஆகிறீர்கள். அடுத்த ஆண்டு, அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார். அது உங்களுடைய சொத்து அல்ல. பார்த்துக் கொள்ளும்படி, கொஞ்ச நாளைக்குக் கொடுத்த பொருள். கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தருவது எப்படி என்று, கக்கன் வாழ்ந்து காட்டி விட்டார்.

இனி மதுரையில் இருந்து திருச்சி போகும் பஸ்சில் ஏறினால், மேலூரைத் தாண்டும் போது தூங்கி விடாதீர்கள். தும்பைப்பட்டி எங்கே என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கக்கன் யார் என்று அவர் கேட்டால், நீங்களே சொல்லுங்கள்!