அரங்கம் கட்டிய அக்காள்

பிள்ளைகளே, ஜெர்மனியின் தென்பகுதியில் பைராய்ட் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. (லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூட் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்!) அங்கே 270 ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் இசை நாடக அரங்கம் நிற்கிறது. உள்ளே நுழைந்தால் தங்க நிறமும் செதுக்கு வேலைகளும் கண்ணைப் பறிக்கும். பளிங்கோ என்று தொட்டுப் பார்த்தால் மரம்! அதைக் கட்டுவித்தவர் வில்ஹெல்மினா என்ற பெண்மணி.

வில்ஹெல்மினா 1709-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி பெர்லினில் பிறந்தாள். தந்தை பிரஷ்ய நாட்டு மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம். அவருக்குப் படைதான் உயிர். உயரமான ஆட்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்துப் படையில் சேர்ப்பார். இசை, கவிதை, கதைப் புத்தகம் எல்லாம் வெட்டி வேலை என்பது அவர் எண்ணம். கோபம் வந்தால் கைத்தடி பேசும். பெற்ற பிள்ளைகளும் அதற்குத் தப்பவில்லை.

வில்ஹெல்மினாவுக்குத் தம்பி பிரெடெரிக் மீது கொள்ளைப் பிரியம். அவளைவிட இரண்டரை வயது இளையவன். அக்காள் லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பாள். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போல இருக்கும் அது. தம்பிக்குப் புல்லாங்குழல். அப்பாவுக்குத் தெரியாமல்தான் வாசிப்பான்.

1730-ஆம் ஆண்டு, 18 வயதான தம்பி கொடுமை பொறுக்காமல் நாட்டைவிட்டு ஓட முயன்றான். பிடிபட்டான். அவனுக்கு உதவிய நண்பன் காட்டெ என்ற இளம் அதிகாரியின் தலையை வெட்ட உத்தரவிட்டார் மன்னர். தம்பி அதைக் கண்ணால் காணவேண்டும் என்றும் ஆணையிட்டார். எத்தனை கல்மனம்! அக்காளுக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு அவளையும் அடித்து, அரண்மனை அறையிலேயே மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்.

தாயாருக்கு மகளை இங்கிலாந்து இளவரசருக்குக் கொடுக்க ஆசை. தந்தையோ பைராய்ட் என்ற சிற்றரசின் வாரிசைக் கைகாட்டினார். தம்பிக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வில்ஹெல்மினா தலையசைத்தார். 1731 நவம்பர் 20-இல் திருமணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெயரும் பிரெடெரிக்தான்! திருமணக் கொண்டாட்டத்தின் நடுவே தம்பி வந்து நின்றான். ஓராண்டுக்கும் மேல் பார்க்காததால், அக்காளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

புகுந்த வீடு ஏழை அரண்மனை. பழைய கட்டடம், கிழிந்த திரைச்சீலைகள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவர் குறைப்பட்டிருக்கிறார். ஆனால் ஒன்று, கணவரும் இசைப் பிரியர். 1735-இல் அவர் பட்டத்துக்கு வந்ததும் அரண்மனை இசைக்குழுவின் பொறுப்பை வில்ஹெல்மினா எடுத்துக்கொண்டார். இத்தாலியப் பாடகர்கள் வந்தார்கள். 1740-இல் 'அர்ஜெனோரே' என்ற இசை நாடகத்துக்கு அவரே இசையமைத்தார். பெண்கள் இசை நாடகம் எழுதுவது அபூர்வமாக இருந்த காலம் அது.

அவர்களுக்கு ஒரே மகள். அவளது திருமணத்துக்காகத் திட்டமிட்டதுதான் அந்த அரங்கம். இத்தாலியின் புகழ்பெற்ற அரங்கக் கலைஞர் ஜூசெப்பே பிபியேனாவும் அவர் மகன் கார்லோவும் உட்புறத்தை அமைத்தார்கள். வெளியே கல் சுவர். உள்ளே அடுக்கடுக்கான மாடங்கள் அனைத்தும் மரம். கூரை ஓவியம் துணியில் தீட்டியது. மரம் என்றால் வேலை சீக்கிரம் முடியும். ஒலியும் இனிமையாகப் பரவும். 1748 செப்டம்பரில் திருமணத்தோடு அரங்கம் திறக்கப்பட்டது. வெளி முகப்பு முடிய 1750 ஆனது.

ஒரு குட்டி நாட்டுக்கு இவ்வளவு செலவு தேவையா? எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. பணம் குடிமக்களுடையது, பார்த்து மகிழ்ந்தவர்கள் அரண்மனைக்காரர்கள்.

1758 அக்டோபர் 14-ஆம் தேதி, 49-ஆவது வயதில் வில்ஹெல்மினா இறந்தார். அப்போது தம்பி பிரஷ்யாவின் மன்னர். வரலாற்றுப் பாடத்தில் 'மகா பிரெடெரிக்' என்று படிப்பீர்களே, அவர்தான். அதே நாளில் ஹோக்கிர்க் என்ற இடத்தில் அவர் போரில் தோற்றார். தோல்வியைவிட அக்காளின் மறைவுதான் அவரை உடைத்துப் போட்டது. பிறகு பாட்ஸ்டாமில் அக்காள் நினைவாக ஒரு மண்டபம் எழுப்பினார்.

அரங்கம் என்ன ஆயிற்று? 1763-இல் கணவரும் இறந்தார். அடுத்து வந்தவர்களுக்கு இசையில் நாட்டமில்லை. அரங்கம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலத்தில் மர அரங்கங்கள் பல எரிந்து சாம்பலாயின. மற்றவற்றை இடித்து மாற்றிக் கட்டினார்கள். இது மட்டும் அப்படியே தப்பியது.

இதன் மேடை பெரிது என்று கேள்விப்பட்டு 1871-இல் இசை மேதை ரிச்சர்ட் வாக்னர் தேடி வந்தார். தம் நாடகங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஊர் பிடித்துப்போனதால், அங்கேயே குன்றின்மேல் வேறு அரங்கம் கட்டினார். அதற்கு அடிக்கல் நாட்டிய 1872 மே 22 அன்று, வில்ஹெல்மினாவின் அரங்கில்தான் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார்.

2012-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழுதுபார்ப்பு முடிந்து 2018 ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள். மேடைக்கு நேர் எதிரே, கிரீடம் வைத்த அரச மாடம் ஒன்று இருக்கிறது. வில்ஹெல்மினாவும் கணவரும் அதில் அபூர்வமாகத்தான் உட்கார்ந்தார்களாம். கீழே இறங்கி வந்து, மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் இடம் பிடித்துக்கொள்வார்களாம்.