பிறந்தநாளைத் தேடிய ஃபிரடெரிக் டக்ளஸ்

அமெரிக்க வரலாறு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜார்ஜ் வாஷிங்டன் அல்லது ஆப்ரகாம் லிங்கன். ஆனால் அடிமை முறை நிலவிய காலத்தைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பக்கம் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் ஃபிரடெரிக் டக்ளஸின் வாழ்க்கையிலிருந்து தொடங்கலாம். அடிமையாகப் பிறந்து, அந்தக் கதையைத் தம் கையாலேயே மூன்று நூல்களாக எழுதி வைத்தவர் அவர்.

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் பிறந்தார். தாய் ஹேரியட் பெய்லி ஓர் அடிமை. தந்தை யாரென்று உறுதியாகத் தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் என்று மட்டும் ஊரில் பேச்சு. அடிமைப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை யாரும் சொல்வதில்லை. நடவுக் காலம், அறுவடைக் காலம் என்று பருவத்தைச் சொல்லித்தான் வயதைக் கணக்கிடுவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கள் வயதைச் சட்டென்று சொல்ல, தன்னால் மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை என்ற ஏக்கம் அந்தச் சிறுவனை வாட்டியது. எஜமானரிடம் கேட்கவும் முடியாது. அப்படிக் கேட்பதே திமிராகக் கருதப்பட்ட காலம் அது.

தாய் பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு பண்ணையில் வேலை செய்தார். பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு, இரவில் நடந்தே வந்து மகனைப் பார்ப்பார். விடிவதற்குள் திரும்பி வேலைக்கு நிற்க வேண்டும், இல்லையென்றால் சவுக்கடி. அப்படி வந்த ஓர் இரவில், சமையல்காரி சாப்பாடு தராமல் பட்டினி போட்டிருந்த மகனுக்கு இதய வடிவில் ஓர் இஞ்சி கேக் கொடுத்தார். மகனுக்கு ஏழு வயது இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். அடக்கத்துக்குக்கூட அவனை அனுப்பவில்லை.

எட்டு வயதில் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்ட் என்பவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவருடைய மனைவி சோபியா அதற்குமுன் அடிமை வைத்திருந்தவர் அல்லர். நல்ல மனத்தோடு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் பார்த்ததும் தடுத்துவிட்டார். படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவர் வாதம். மனைவியிடம் சொன்னதைச் சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தான். விடுதலைக்கு வழி எது என்பதை எஜமானரே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு தெருதான் பள்ளிக்கூடம். வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. அதை எடுத்துப்போய் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டான். எழுதக் கற்றது கப்பல் பட்டறையில். தச்சர்கள் மரத்துண்டுகளில், இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ், முன்பகுதிக்கு எஃப், பின்பகுதிக்கு ஏ என்று குறித்து வைப்பார்கள். அந்த நான்கு எழுத்தையும் கற்றுக்கொண்டு, எழுதத் தெரிந்த பையன்களிடம் போட்டிக்கு நின்றான். அவர்கள் தோற்கடிப்பதாக நினைத்து எழுதிக் காட்டிய எழுத்தெல்லாம் இவனுக்குப் பாடமானது.

பதினாறு வயதில், அடங்காத அடிமைகளை அடக்குவதற்குப் பேர்போன எட்வர்ட் கோவி என்பவரின் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் ஓயாத அடி. ஒருநாள் திருப்பித் தாக்கினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீடித்த அந்தச் சண்டைக்குப் பிறகு கோவி அவர்மேல் கை வைக்கவேயில்லை.

மீண்டும் பால்டிமோர் வந்து, கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் தொழில் பழகினார். வாரக் கூலி முழுவதையும் எஜமானரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆறு டாலர் கொடுத்தால் சில நேரம் ஆறு காசு திரும்பக் கிடைக்கும். அந்தக் காசு அவருக்குக் கோபத்தையே மூட்டியது. உழைப்பு தன்னுடையதுதான் என்று எஜமானருக்கும் தெரிந்திருப்பதால்தானே ஏதோ கொடுக்கிறார்!

அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண் அன்னா மர்ரே, வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தை அவரிடம் கொடுத்தார். 1838 செப்டம்பர் 3ஆம் தேதி, மாலுமி உடையில், இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழோடு ரயில் ஏறினார். அதிலிருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தாது. பரிசோதகர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஒரு நாளுக்குள் நியூயார்க். அன்னாவைத் திருமணம் செய்துகொண்டு, பெய்லி என்ற குடும்பப் பெயரை டக்ளஸ் என்று மாற்றிக்கொண்டார்.

மேடைப் பேச்சு, 1845இல் முதல் நூல், பிடிபடும் ஆபத்தால் அயர்லாந்து, இங்கிலாந்துப் பயணம், அங்குள்ள நண்பர்கள் 711 டாலர் 66 காசு கொடுத்து வாங்கித் தந்த சட்டப்படியான விடுதலை, 1847இல் சொந்தப் பத்திரிகை என்று அடுத்த ஆண்டுகள் ஓடின. உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைத் திரட்டினார். மகன்களில் இருவர் படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பின வீரருக்கு உடைக்குப் பிடித்ததுபோக 7 டாலர். இதைக் கேட்கவே 1863இல் லிங்கனை நேரில் சந்தித்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சமச் சம்பளத்துக்குச் சட்டம் இயற்றியது.

1877இல் நடந்தது யாரும் எதிர்பாராதது. பழைய எஜமானர் தாமஸ் ஆல்ட் சாகக் கிடந்தார். ஹியூவின் அண்ணன், ஒருகாலத்தில் டக்ளஸைக் கோவியிடம் அனுப்பியவர். டக்ளஸ் அப்போது வாஷிங்டனில் உயர்ந்த அரசாங்கப் பதவியில் இருந்தார். படுக்கை அருகே போய் நின்றபோது இருவருமே கலங்கிவிட்டார்கள். தம் பாட்டியைக் கைவிட்டதாக ஆல்ட் மீது முன்பு எழுதியது தவறு என்று டக்ளஸ் ஒப்புக்கொண்டார். பிறகு, சிறுவயதில் கேட்க முடியாமல் போன கேள்வியைக் கேட்டார்: தான் பிறந்தது எப்போது? 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்ட். தேதி அவருக்கும் தெரியவில்லை.

1895 பிப்ரவரி 20ஆம் தேதி, பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய டக்ளஸ், அன்று மாலையே காலமானார். தாய் கொடுத்த இதய வடிவ கேக்கை நினைத்தோ என்னவோ, பிப்ரவரி 14ஐத் தம் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருந்தார். 1926இல் வரலாற்று ஆசிரியர் கார்ட்டர் வுட்சன் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது, லிங்கனின் பிப்ரவரி 12ஐயும் டக்ளஸின் 14ஐயும் மனத்தில் வைத்தே நாளைக் குறித்தார். இன்று அது மாதம் முழுக்க நடக்கிறது.

டக்ளஸின் முதல் எஜமானர் ஏரன் அந்தோணி வைத்திருந்த கணக்கேடு பிற்காலத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அவருக்குச் சொந்தமான அடிமைகளின் பட்டியலில் ஹேரியட்டின் மகன் ஃபிரடெரிக் அகஸ்டஸ் பெயரும் இருந்தது. பக்கத்தில் 1818 பிப்ரவரி என்று எழுதியிருந்தது. தேதி இல்லை.