திரும்பி நடந்த கால்கள்



போன மாதம் தோ பாயோவில் எங்க புளோக்குக்குக் கீழே ஒரு மாணவர் சந்திப்பு. தலைமைத்துவம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டியவன் நான்தான். பொறியியல் படிக்கிறவன் ஆச்சே, ஸ்லைடு, வரைபடம் எல்லாம் பக்காவா தயார் பண்ணியிருந்தேன். ஐந்தாவது நிமிடமே பிள்ளைகள் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். முடிந்ததும் தொண்டூழியர் அக்கா ஒருவர் கேட்டார், இவர்களில் எத்தனை பேரோட பெயர் உனக்குத் தெரியும் என்று. ஒருவர் பெயரும் தெரியவில்லை.

அன்றிரவு சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை வரலாற்றை மறுபடியும் எடுத்தேன். சிகாகோ உரை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மேடைக்கு முந்தைய பக்கங்களை நான் எப்பவும் அவசரமாகப் புரட்டிவிடுவேன். இந்த முறை அங்கேயே நின்றேன்.

1863 ஜனவரி 12-ஆம் தேதி கொல்கத்தாவில் நரேந்திரநாதராகப் பிறந்தவர் அவர். அப்பா வழக்கறிஞர், வசதியான வீடு. 1884-இல் அப்பா திடீரென இறந்ததும் எல்லாம் தலைகீழானது. படித்த அந்த இளைஞர் வெறுங்காலோடு வெயிலில் வேலை தேடி அலைந்தார். வீட்டில் சோறு போதாது என்று தெரிந்தால், வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிப் பட்டினி கிடந்தார். பசியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் பேசியதெல்லாம் புத்தகத்தில் படித்தது இல்லை.

துறவியான பிறகு, 1888-இல், பிருந்தாவனத்துக்கு நடந்து போகும் வழியில் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். களைப்பாக இருந்ததால் இவரும் கேட்டார். அந்த மனிதரோ கூசிப் பின்வாங்கி, தான் தீண்டத்தகாத துப்புரவுச் சாதி என்றார். சுவாமியும் பழக்கத்தில் நடையைக் கட்டிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் மனசு உறுத்தியது. எல்லாவற்றையும் துறந்தவனுக்குச் சாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? திரும்பி நடந்து வந்து, அதே மனிதரிடம் வாங்கிப் புகைத்தார்.

கேத்ரி மன்னரோடு இருந்தபோதும் இப்படித்தான். மன்னர் சபையில் ஒரு நடனப் பெண் பாட இருந்தார். துறவிக்கு இது தகாது என்று சுவாமி ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெண் சூர்தாசரின் பாடலைப் பாடினார். இறைவனுக்கு நல்லவர் கெட்டவர் பேதம் இல்லை என்ற பொருள் காதில் விழுந்ததும், சுவாமி எழுந்து சபைக்கு வந்துவிட்டார். தப்பே பண்ணாதவர் இல்லை அவர். தப்பு என்று தெரிந்ததும் திரும்பி நடக்கத் தயங்காதவர்.

அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பாடுபட்டவர்கள் சென்னை இளைஞர்கள். ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். மக்களுக்காகப் போகிறவன் மக்கள் காசில்தான் போக வேண்டும் என்பது சுவாமியின் எண்ணம். 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் நம்ம சிங்கப்பூரிலும் நின்றது! பூமலையின் பனை வகைகளையும், சென்னையில் மாம்பழம் போல இங்கே மலிந்து கிடந்த மங்குஸ்தானையும் பற்றிப் பிறகு யோகஹாமாவிலிருந்து அந்த இளைஞர்களுக்குக் கடிதம் எழுதினார். தான் பார்த்ததை அவர்களும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

செப்டம்பர் 11, சிகாகோ. மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். இவர் கையில் தாள் இல்லை. நெஞ்சு படபடத்தது. அழைத்தபோதெல்லாம் பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டார். கடைசியில் எழுந்தபோது, எதிரில் இருந்த முன்பின் தெரியாத கூட்டத்தைக் கூடப்பிறந்தவர்களாக விளித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. வார்த்தை புதுசு இல்லை. ஆனா வழியோரத்தில் திரும்பி நடந்த அந்த மனிதர் சொன்னபோது அது வெறும் மரியாதைச் சொல்லாக இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் பிடித்தது 1897 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. விக்டோரியா மண்டபத்தில் வரவேற்பு. உள்ளே இடம் இல்லாமல் பெருங்கூட்டம் வெளியே நின்றது. அவர்களை விட்டுவிட்டு உள்ளே மட்டும் பேச சுவாமிக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்றார். இரைச்சலில் நீளமாகப் பேச முடியவில்லை, சுருக்கமாக முடித்துக்கொண்டார். அழகான உரை அன்று அமையவில்லை. ஆனா அவரைத் தேடி வந்தவர்களிடம் அவர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் பிளேக் பரவியபோது, நிவாரணத்துக்குப் பணம் இல்லையென்றால் மடத்துக்கு வாங்கிய நிலத்தையே விற்றுவிடத் தயாராக இருந்தார். 1902 ஜூலை 4-ஆம் தேதி, 39 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, குரல் ஏற்ற இறக்கம், கையசைவு எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் கோட்டை விட்டது அங்கே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த சந்திப்புக்கு மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பெயர் கேட்டேன், அன்றைய நாள் எப்படிப் போச்சு என்று கேட்டேன். போன தடவை தூங்கி வழிந்த தம்பி, அம்மாவுக்கு இரவு வேலை, தங்கையைத் தான்தான் பார்த்துக்கிறேன் என்றான். அவனைத்தான் நான் அக்கறை இல்லாதவன் என்று நினைத்திருந்தேன்.

தலைமைத்துவம் பற்றி அன்று நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனா கிளம்பும்போது, அடுத்த வாரம் வருவீங்களா அண்ணா என்று அந்தத் தம்பியே கேட்டான். போகிறேன்.